பனிக்கால இயற்கை நடை: வீட்டில் படிக்கும் பிள்ளைகள், 4 முதல் 12 வயது. எவ்வளவு தூரம், என்ன பார்க்கலாம்?

கூழாங்கல் (இழையைத் தொடங்கியவர்)

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் ஒன்பது பேர், அவர்களோடு பள்ளிக்குப் போகும் நண்பர்கள் இரண்டு பேர். ஆக 11 பிள்ளைகள், பெரியவர்கள் நான்கு பேர். சின்னவனுக்கு 4 வயது, மூத்தவளுக்கு 12. இடம் சமதளமான காட்டுப் பாதை. சுற்றி வந்தால் 3 கி.மீ., நடுவில் ஒரு குளம். இலையுதிர் மரங்களும் ஊசியிலை மரங்களும் கலந்திருக்கின்றன. தரையில் ஒரு சாண் உயரத்துக்கு வெண்பனி. பகலில் 1 டிகிரி இருக்கும் என்கிறது வானிலைக் கணிப்பு, லேசான காற்றும் உண்டு.

கேட்க வேண்டியவை: மூன்று கி.மீ. சரியா? கை விறைத்து அழுவதை எப்படித் தவிர்ப்பது? "இலையே இல்லாத காட்டில் பார்க்க என்ன இருக்கு?" என்று பெரிய பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன காட்டுவது? "இருபது பொருளைக் கண்டுபிடி" மாதிரி ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுக்கலாமா?

வாடைக்காற்று

மூன்று கி.மீ. வேண்டாம். நின்று நின்று பார்க்கும் நடையில், வெண்பனியில், 4 வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் ஒரு கி.மீ. தாண்டினாலே பெரிது. மொத்தம் 1.2 முதல் 1.5 கி.மீ., ஒன்றரை மணி நேரம், இது போதும். பாதி வழியில் திரும்பக் குறுக்குப் பாதை இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்து வையுங்கள். இல்லையென்றால் சுற்றுப் பாதையை விட்டுவிடுங்கள். போன வழியே திரும்பி வரலாம். எந்த இடத்திலும் திரும்ப முடியும் என்பதுதான் அதன் வசதி.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் இருக்கும்படி கிளம்புங்கள். திரும்பும்போது பிள்ளைகள் களைத்திருப்பார்கள், உள்ளாடை வியர்வையில் நனைந்திருக்கும். அந்த நேரத்தில் முகத்தில் காற்று அடித்தால் உடம்பு வேகமாகக் குளிரும். 0 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று இருந்தால் தோலுக்கு அது மைனஸ் 6 மாதிரி. மைனஸ் 5-இல் 20 கி.மீ. காற்று என்றால் ஏறக்குறைய மைனஸ் 12. அதனால் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

உடை விஷயத்தில் பலரும் தவறுவது பருத்தியில். தோலை ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நீர் காற்றைவிட 25 மடங்கு அளவுக்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், ஆகவே ஈர பனியன் என்பது குளிரை உடம்போடு கட்டி வைத்த மாதிரி. கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, நடுவில் ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி), வெளியே காற்றும் நீரும் புகாத மேலாடை. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வண்டியிலிருந்து இறங்கும்போதே கதகதப்பாக இருக்கும் பிள்ளை பத்தே நிமிடத்தில் வியர்த்துவிடும்.

காலுறை இரண்டு ஜோடி போடுவது நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். காலணிக்குள் இடம் இருந்தால் சரி. இல்லையென்றால் இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து ஒரு ஜோடி போட்டதைவிட மோசமாகக் கால் விறைக்கும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போட்டு, உள்ளே விரல்களை ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

கைக்கு: விரல் விரலாகப் பிரிந்த கையுறை வேண்டாம், நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் மிட்டன்தான் சூடு. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். சின்னவர்கள் பனியை அள்ளியே தீருவார்கள், அரை மணி நேரத்தில் மிட்டன் நனையும். ஒரு பிள்ளைக்கு ஒரு மாற்று ஜோடி மிட்டன், ஒரு ஜோடி காலுறை, இரண்டையும் ஜிப் பையில் போட்டு எடுங்கள். கை விறைத்த பிறகு சூடாக்குவது சிரமம், அதனால் விறைக்கும் முன்பே மாற்றுங்கள். மிட்டனின் வாயைச் சட்டைக் கைக்குள் செருகினால் பனி உள்ளே போகாது. மேலாடையின் கை குட்டையாக இருந்தால் எந்த மிட்டனும் உதவாது.

மொட்டு

"இலையே இல்லாத காட்டில் பார்க்க என்ன இருக்கு" என்ற அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த கேள்வி அது. இலை இருக்கும்போதுதான் மரத்தைப் பார்க்க முடிவதில்லை. கிளை எப்படிப் பிரிகிறது, பட்டை எப்படி வெடிக்கிறது, பறவைக் கூடு எந்தக் கவட்டில் இருக்கிறது, எல்லாம் இப்போதுதான் தெரியும்.

ஒரு சுள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசலாம். முதல் கேள்வி: மொட்டுகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? மேப்பிள், ஆஷ், ஹார்ஸ் செஸ்ட்நட், டாக்வுட் இவற்றில் எதிரெதிரே. ஓக், பீச், பிர்ச், வில்லோ இவற்றில் மாறி மாறி. பெரும்பாலான மரங்கள் மாறி மாறி வகைதான், ஆகவே எதிரெதிரே என்று தெரிந்ததுமே பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். இங்கே ஒரு தவறு நடக்கும்: ஜோடியில் ஒரு கிளை ஒடிந்தோ மொட்டு பட்டோ போயிருந்தால் எதிரெதிர் மரமும் மாறி மாறி போலத் தெரியும். ஒரு சுள்ளியை வைத்து முடிவு கட்டாமல், இளஞ்சுள்ளிகள் நான்கைந்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நுனி மொட்டு. ஓக் மரத்தில் நுனியில் பல மொட்டுகள் கொத்தாக நிற்கும். பீச் மொட்டு ஒல்லியாக, நீளமாக, ஊசிபோலக் கூர்மையாக இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட் மொட்டு பெரியது, விரலில் ஒட்டும். ஐரோப்பிய ஆஷ் மொட்டு கரிக்கட்டை மாதிரி கறுப்பு.

மூன்றாவது, மொட்டுக்குக் கீழே இருக்கும் இலைத்தழும்பு. போன இலை காம்போடு உதிர்ந்த இடம் அது. அதற்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், இலைக்கு நீர் போன குழாய்களின் அறுபட்ட முனைகள் அவை. ஹார்ஸ் செஸ்ட்நட்டில் தழும்பு குதிரை லாடம் போலவும் புள்ளிகள் ஆணி அடித்தது போலவும் இருக்கும். 10 மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் பெரிய பிள்ளைகளே இதைக் கண்டுபிடிப்பார்கள், நீங்கள் சொல்லத் தேவையில்லை.

நான்காவதுதான் எல்லோரையும் கட்டிப்போடும். சுள்ளியின் நுனியிலிருந்து கீழ்நோக்கி வந்தால் நெருக்கமான மெல்லிய வளையங்கள் ஒரு பட்டை போல இருக்கும். போன வருட நுனி மொட்டின் செதில்கள் உதிர்ந்த தழும்பு அது. நுனிக்கும் முதல் வளையத்துக்கும் இடைப்பட்ட நீளம் ஒரு வருட வளர்ச்சி. அடுத்த வளையம் வரை அதற்கு முந்தைய வருடம். 12 வயதுப் பிள்ளையிடம் அடிக்கோலைக் கொடுத்து நான்கு வருடத்தை அளக்கச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் கிளையையும் நிழலில் கிடக்கும் கிளையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் சென்டிமீட்டரில் தெரியும். வரைபடத் தாளில் இதைப் போட்டால் அன்றைய கணக்குப் பாடமும் முடிந்தது.

"மரம் தூங்குகிறது, வசந்தத்தில் மொட்டு முளைக்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மொட்டு கோடையிலேயே உருவாகிவிட்டது, குளிர்காலம் முழுக்க மூடிக் காத்திருக்கிறது. கீழே ஒடிந்து விழுந்த கிளையில் ஒரு பெரிய மொட்டை நகத்தால் நீளவாக்கில் பிளந்து காட்டுங்கள், உள்ளே மடிந்த இலைகள் தெரியும்.

கூழாங்கல்

மொட்டு, மிக்க நன்றி. ஊசியிலை மரங்களுக்கும் இதுபோல் ஏதாவது உண்டா? எங்களுக்கு எல்லாமே "கிறிஸ்துமஸ் மரம்"தான்.

மொட்டு

ஊசிகள் கட்டுக் கட்டாக (இரண்டு, மூன்று அல்லது ஐந்து) ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் பைன். தனித்தனியாக இருந்தால் ஒரு ஊசியை இரு விரலுக்கு நடுவே உருட்டச் சொல்லுங்கள். நாற்கோணமாக உருண்டால் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், தட்டையாக இருந்து உருள மறுத்தால் ஃபிர் ஆக இருக்கலாம். காய்களும் சொல்லும்: ஸ்ப்ரூஸ் காய் கீழ்நோக்கித் தொங்கும், முழுதாகக் கீழே விழும். ஃபிர் காய் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும், மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஆகவே தரையில் முழுக் காய் கிடந்தால் அது ஃபிர் இல்லை.

யூ மரமும் தட்டை ஊசிதான், சிவப்புச் சதையோடு விதை இருக்கும். விதையும் இலையும் கடும் நஞ்சு. இதை மட்டும் முன்கூட்டியே எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். குளிர்காலத்தில் கண்ணில் படும் சிவப்பு, வெள்ளைப் பழங்கள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதே பிள்ளைகளுக்கான விதி. "இது பரவாயில்லை, அது கூடாது" என்று பிரித்துச் சொன்னால் 4 வயதுக்குப் புரியாது.

தடம்

தேடல் பட்டியல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இருபது பொருள் கொண்ட தாளைக் கொடுத்தால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள், டிக் அடிப்பார்கள். முதலில் முடித்தவர் மற்றவரை அவசரப்படுத்துவார். அணில் காலடியைப் பார்த்ததும் "கிடைச்சாச்சு" என்று அடுத்ததற்கு ஓடுவார்கள், அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடித்தடத்தில் கற்பதற்கு இருப்பதே அந்த இரண்டு கேள்விதான்.

உங்களுக்கு 1 டிகிரி என்பது நல்ல செய்தி. லேசாக ஈரமான பனியில்தான் தடம் கூர்மையாகப் பதியும். மாவு போன்ற உலர்ந்த பனியில் குழி மட்டும்தான் இருக்கும், விரல் தெரியாது. காலை வெயில் சாய்ந்து விழும்போது பாருங்கள், உச்சி வெளிச்சத்தில் நிழல் இல்லாததால் தடம் தட்டையாகத் தெரியும். வெயில் இல்லையென்றால் ஒரு கைவிளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்தால் அதே வேலை நடக்கும்.

வரிசையை முதலில் பாருங்கள், தனித் தடத்தைப் பிறகு. நான்கு தடங்கள் ஒரு கட்டாக, கட்டுக்கு நடுவே வெற்றிடம் விட்டுப் போனால் அது துள்ளி ஓடும் விலங்கு. முயலும் அணிலும் அப்படித்தான், இரண்டிலும் பெரிய பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழும். அதனால்தான் பிள்ளைகள் திசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். பெரிய தடங்கள் இருக்கும் பக்கம்தான் அது போன திசை. அணிலுக்கு முன்னங்கால் இரண்டும் பக்கம் பக்கமாக விழும், கட்டு ஒரு பெட்டி போல இருக்கும், தடம் மரத்தில் தொடங்கி மரத்தில் முடியும். முயலுக்கு முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும், தடம் புதருக்குப் போகும்.

நரியா நாயா என்று சண்டை வரும். நரி ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் போகும், பின்னங்கால் முன்னங்கால் தடத்தின் மேலேயே விழும். நாய் அலைந்து திரிந்து போகும். பூனைத் தடம் வட்டமாக, நகக்குறி இல்லாமல் இருக்கும். பறவைகளில் காகம் கால் மாற்றி நடக்கும், சிட்டுக்குருவி இரண்டு காலும் சேர்த்துத் தத்தும்.

அளக்காமல் பெயர் சொல்லக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். தடத்தின் நீளம், அகலம், ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குத் தூரம், இந்த மூன்றும் வேண்டும். தடத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் அது உருகிப் பெருத்த தடம், அளவு பொய் சொல்லும். வீட்டு நாய் "ஓநாய்" ஆவது இப்படித்தான். படம் எடுத்தால் பக்கத்தில் அடிக்கோல் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பிள்ளைகள் தடத்தின் ஓரமாக நடக்க வேண்டும், மேலே நடந்தால் பின்னால் வருபவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

தின்ற மிச்சமும் தடயம்தான். செதில்கள் பிய்க்கப்பட்டு நடுத்தண்டு மட்டும் மிஞ்சிய ஊசியிலைக் காய், தண்டு பிசிறு பிசிறாக இருந்தால் அணில். சுத்தமாகக் கொறித்து வழவழப்பாக இருந்தால் எலி.

சுள்ளி

தடம் சொல்வதோடு பாதி உடன்படுகிறேன். ஆனால் கூழாங்கல்லின் கூட்டத்தில் பழக்கமில்லாத பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஒரே மரத்தடியில் இருபது நிமிடம் உட்காரப் பழகியிருக்கலாம், புதிதாக வருபவர்களுக்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டும். கையில் தாள் இருந்தால் கூச்சம் போகும்.

பட்டியலை விட்டுவிட வேண்டாம், அதில் உள்ளதை மாற்றுங்கள். பொருள்களின் பெயரை எழுதாமல் ஆறே ஆறு வேலைகளை எழுதுங்கள். "இரவில் ஏதோ ஒன்று இந்தப் பக்கம் வந்தது என்பதற்கு ஒரு சான்று காட்டு." "ஒரே மரத்தின் வடக்குப் பக்கத்தையும் தெற்குப் பக்கத்தையும் தொட்டுப் பார், என்ன வேறுபாடு?" "வெள்ளையும் பழுப்பும் இல்லாத மூன்று நிறம்." "யாரோ தின்ற மிச்சம் ஒன்று." "மூடிய காய் ஒன்று, திறந்த காய் ஒன்று." கடைசி வேலை: "நமக்கு யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வி." ஓட்டப்பந்தயம் ஆகாமல் இருக்க, பெரிய பிள்ளை ஒருவர், சின்னப் பிள்ளை ஒருவர் என்று ஜோடிக்கு ஒரு தாள். பெரியவர் எழுத வேண்டும், சின்னவர் கண்டுபிடிக்க வேண்டும். 4 வயதுக்காரரின் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர்தான் அதிகம் கண்டுபிடிப்பார்.

காய் விஷயம் வீட்டிலும் தொடரும். கீழே விழுந்த திறந்த பைன் காயைத் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மூடத் தொடங்கும், காய்ந்தால் மறுபடி திறக்கும். செதிலின் வெளி அடுக்கு நீர் குடித்து உள் அடுக்கைவிட அதிகம் நீளும், அதனால் செதில் உள்நோக்கி வளையும். ஈரத்தில் விதை பறந்து தூரம் போகாது, ஆகவே மரம் மூடி வைத்துக்கொள்கிறது. இறந்துபோன செதில் உயிரில்லாமலே இதைச் செய்கிறது என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். காயின் அடிப்பக்கம் சுருள் வரிசைகளை எண்ணச் சொன்னால் பெரும்பாலும் ஒரு பக்கம் 8, மறு பக்கம் 13 வரும்.

தடம்

"பதில் தெரியாத கேள்வி" நல்லது, அதை ஏற்கிறேன். ஆறுக்கு மேல் போகக் கூடாது. தாளை முதல் இருபது நிமிடம் கொடுக்காதீர்கள், முதலில் கண்ணும் காதும் பழகட்டும்.

கூழாங்கல்

சரி, ஆறு வேலை, ஜோடிக்கு ஒரு தாள், இருபது நிமிடம் கழித்து. அடித்தடத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து எடுக்கலாமா?

தடம்

பனியில் அன்று வேண்டாம். பிளாஸ்டர் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும், தடம் உருகிவிடும். நல்ல குளிரில் தெளிப்பானால் நீரை மென்மையாகத் தெளித்துத் தடத்தின் மேல் பனிக்கட்டிப் படலம் உறைந்த பிறகு ஊற்றுவார்கள், உங்கள் 1 டிகிரியில் தெளித்த நீர் உறையாது. குளக்கரைக்கு எட்டத்தில் சேறு திறந்திருந்தால் அங்கே செய்யுங்கள். அளவில் 2 பங்கு பிளாஸ்டர், 1 பங்கு நீர். நீரில் பிளாஸ்டரைத் தூவி மெதுவாகக் கலக்க வேண்டும், வேகமாக அடித்தால் குமிழி வரும். தயிர் பதத்தில் இருக்கட்டும். தடத்தைச் சுற்றி 4 செ.மீ. உயர அட்டை வளையம் பதித்து, ஓரத்திலிருந்து ஊற்றுங்கள், நேராகத் தடத்தின் மேல் ஊற்றினால் விளிம்பு கலையும். சாதாரணமாக 30 நிமிடம், குளிரில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆகவே போகும் வழியில் ஊற்றி, திரும்பும்போது எடுங்கள். சேற்றை உடனே கழுவாமல் ஒரு நாள் காயவிட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் கை அச்சு எடுக்க ஆசைப்படுவார்கள். கெட்டியான பிளாஸ்டர் இறுகும்போது 60 டிகிரி வரை போகும், உள்ளே மாட்டிய கை வெந்துவிடும். அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

முன்பனி

பனியைப் பற்றி யாரும் பேசவில்லையே! முதலில் சொற்களைப் பிரித்துக் கொடுங்கள். நம் மொழியில் புல்லில் நிற்கும் துளியும் பனி, மூட்டமும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி. பிள்ளைகள் குழம்புவார்கள். விழுவது வெண்பனி, காற்றிலுள்ள நீராவி நேராகப் புல்லிலும் சுள்ளியிலும் படிந்து உறைந்தது உறைபனி, நீர் உறைந்தது பனிக்கட்டி. மூன்றும் ஒரே நடையில் கிடைக்கும், ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுகோணப் படிகம் பார்க்கும் ஆசை இருந்தால் அதை இன்னொரு நாளுக்கு ஒதுக்குங்கள். 1 டிகிரியில் விழும் பனி ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழும், கையில் பிடிக்கும் முன் உருகும். தரையருகே மைனஸ் 3-க்குக் கீழே இருக்கும்போது, கறுப்பு வெல்வெட் துணி ஒட்டிய அட்டையைக் கால் மணி நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டு, அதில் பிடிக்க வேண்டும். அட்டை சூடாக இருந்தால் நீர்த்துளி மட்டுமே மிஞ்சும். மூச்சுப் படாமல் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள். வடிவம் மேகத்தின் வெப்பநிலையைச் சொல்லும்: மைனஸ் 5-ஐ ஒட்டி ஊசிகள், மைனஸ் 15-ஐ ஒட்டி கிளைவிட்ட நட்சத்திரங்கள். ஏன் எப்போதும் ஆறு மூலை என்று 1611-லேயே வானியலாளர் கெப்ளர் கேட்டார். 1885-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி தன் முதல் பனிப்படிகப் படத்தை எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கு மேல் எடுத்தார். 1936-இல் ஜப்பானில் நகாயா உகிச்சிரோ ஆய்வகத்தில் முயல் ரோமத்தின் மேல் படிகத்தை வளர்த்துக் காட்டினார். மூத்த பிள்ளைகளுக்கு இந்த மூவரும் ஒரு வாரப் பாடம்.

அன்றைக்குச் செய்யக் கூடியது: ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் புதுப் பனியை அழுத்தாமல் நிரப்பி, உருகினால் நீர் எதுவரை நிற்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கோடு போடட்டும். பெரும்பாலும் பாதிக்கு மேல் போடுவார்கள். லேசான புதுப் பனி என்றால் 100 மி.லி. அளவுக்குத்தான் நீர் வரும், பல நாள் கிடந்து இறுகியது என்றால் 300 வரை போகலாம். மீதி எல்லாம் காற்று. அந்தக் காற்றுதான் தரையைக் கம்பளிபோல் போர்த்தி வைக்கிறது, பனிக்குக் கீழே எலிகள் சுரங்கம் தோண்டி வாழ்வது அதனால்தான். வெப்பமானியால் மேற்பரப்பையும் தரையையும் அளந்து காட்டலாம், ஆனால் 1 டிகிரி நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். மைனஸ் 8, மைனஸ் 10 போன விடியலில் செய்தால்தான் வேறுபாடு தெரியும். கருவியை நிழலில் வைத்து மூன்று நிமிடம் காத்திருங்கள்.

உருகிய நீரின் அடியில் கறுப்பாகத் தூசி படிந்திருக்கும். "பனியைத் தின்னாதே" என்று பத்து முறை சொல்வதைவிட அந்த ஜாடியை ஒரு முறை காட்டினால் போதும்.

வாடைக்காற்று

குளம் இருக்கிறது என்று சொன்னீர்கள். அதைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பனிக்கட்டியின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, பெரியவர்கள் உட்பட. தெளிவான திடமான பனிக்கட்டி 10 செ.மீ. இருந்தால் ஒருவரைத் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் ஒரே குளத்தில் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். நீர் வந்து சேரும் வாய், ஊற்று, நாணல், அமிழ்ந்த மரக்கட்டை இவற்றின் பக்கம் மெலிந்திருக்கும். மேலே வெண்பனி கிடந்தால் அது போர்வையாகி உறைவதைத் தாமதமாக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் மறைக்கும். பகலில் 1 டிகிரி என்றால் நம்பவே வேண்டாம். கரையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு மரத்தைக் குறித்து, அதுதான் எல்லை என்று சொல்லுங்கள். எல்லைக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு பெரியவர் நிற்கட்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

எல்லைக்கு இப்பால் நின்றே பாடம் உண்டு. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதனால் அது அடியில் தங்கும், அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து உறையும். குளம் மேலிருந்து உறைவதால்தான் மீன் அடியில் பிழைக்கிறது.

குளிர் தாக்கும் அறிகுறிகளை நான்கு பெரியவர்களும் மனப்பாடமாக வைத்திருங்கள். கன்னம், காது நுனி, மூக்கு வெளுத்து மரத்துப்போனால் அது முதல் கட்டம்: வெறுங்கையை அதன்மேல் பொத்தி வையுங்கள், விரலானால் அக்குளில் செருகுங்கள். தேய்க்கக் கூடாது, பனி வைத்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல், திசு கிழியும். நடுக்கம், தடுமாற்றம், குழறிய பேச்சு, காரணமில்லாத சிணுங்கல் இவை உடம்பின் உள்வெப்பம் இறங்குவதன் அடையாளம். 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. கலகலவென்று பேசிய பிள்ளை திடீரென அமைதியானால் "சமர்த்தாக வருகிறான்" என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்தை மாற்றி, போர்த்தி, சூடான இனிப்புப் பானம் கொடுத்து உடனே திரும்புங்கள். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சூடாகாமலேயே நடுக்கம் நின்றால் அது தேறியதன் அறிகுறி இல்லை, அவசர உதவியை அழையுங்கள்.

தலை எண்ணுவது: 11 பேருக்கும் எண் கொடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன் ஒன்று, இரண்டு என்று அவர்களே சொல்லட்டும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், யாரும் அவர்களைத் தாண்டவோ பின்தங்கவோ கூடாது. ஒவ்வொருவர் கழுத்திலும் விசில். வழி தவறினால் அலையாமல் ஒரு மரத்தைப் பிடித்து நின்று மூன்று முறை ஊத வேண்டும். இதைக் கிளம்பும் இடத்திலேயே ஒரு தடவை செய்து பார்க்க வையுங்கள்.

மொட்டு

விழுந்த மரக்கட்டைகளைப் புரட்டும் பழக்கம் கோடையோடு நிற்கட்டும். கீழே உறங்கும் தவளைக்கும் பூச்சிக்கும் இப்போது சேமித்த கொழுப்பைத் தவிர உணவில்லை. எழுப்பப்பட்ட ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு செலவாகும், ஈடுகட்ட வழியில்லை. பறவைக் கூடும் அப்படியே இருக்கட்டும், எண்ணலாம், வரையலாம், எடுக்க வேண்டாம்.

பறவை பார்க்க ஓடக் கூடாது, உட்கார வேண்டும். 30 செ.மீ. சதுரமாக வெட்டிய ஃபோம் துண்டு ஆளுக்கு ஒன்று. மூன்று நிமிடம் பேச்சில்லை. தாளின் நடுவில் ஒரு புள்ளி (அதுதான் நான்), சத்தம் எந்தத் திசையில் வந்ததோ அங்கே ஒரு குறி. 4 வயதும் செய்யலாம், எழுதத் தெரிய வேண்டியதில்லை. பட்டாணிக்குருவிகளும் வேறு சிறு பறவைகளும் குளிர்காலத்தில் கலந்து கூட்டமாகத் திரியும், ஒன்று வந்தால் பத்து வரும். பந்து மாதிரி உப்பியிருக்கும் குருவி கொழுத்ததில்லை, இறகுக்குள் காற்றைச் சிறைபிடித்திருக்கிறது. வெண்பனிக்குள் இருக்கும் காற்றும் இதுவும் ஒன்றே என்று பெரிய பிள்ளை தானாகச் சொன்னால், அந்த நடை பலித்தது.

சுள்ளி

குறிப்பேடு: பேனா வேண்டாம், குளிரில் மை கெட்டியாகும், ஈரத்தாளில் பரவும். மென்மையான பென்சில், நூல் கட்டியது. தடித்த அட்டையில் கிளிப் போட்ட பாதித் தாள். வெளியே ஐந்து நிமிடத்துக்கு மேல் வரைய வைக்காதீர்கள், கை மிட்டனுக்கு வெளியே இருக்கிறது. தேதி, நேரம், வெப்பநிலை, ஒரு அவசரக் கோட்டுப் படம், ஒரு அளவு, இவை போதும். நிறமும் விவரமும் வீட்டில். கைப்பேசி பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

கூழாங்கல்

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் சேர்த்து இப்படிப் போட்டிருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். 10:30-க்கு எண், விசில், மிட்டன் சரிபார்ப்பு. 10:40 கிளம்பி எதிர்க்காற்றில் 600 மீட்டர். முதல் இருபது நிமிடம் தடம் மட்டும். 11:00 சுள்ளி நிறுத்தம், தாள் கொடுப்பது. 11:25 குளத்துக்கு எட்டத்தில், எல்லை மரம், பிறகு மூன்று நிமிட அமைதி. 11:35 சூடான பானம். 11:45 திரும்பல், ஜாடியில் பனி. 12:10 வண்டி.

வாடைக்காற்று

அமைதியாக உட்கார்வதையும் பானத்தையும் அடுத்தடுத்து வைத்தால் கால் மணி நேரம் அசையாமல் இருப்பார்கள், அதில்தான் குளிர் ஏறும். உட்கார்வதற்கு முன்பே கழற்றிய மேலாடையைப் போட்டுவிடுங்கள். எழுந்ததும் ஒரு மரம் வரை ஓட்டம், பிறகு பானம், நின்றபடியே. ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பானத்தை நிரப்பினால் சூடு நீடிக்கும். ஆனால் சின்னவர்களுக்குக் குடிக்கும் சூட்டில் தனி ஃபிளாஸ்க் வேண்டும், மிட்டன் போட்ட கையில் கோப்பை நழுவும். கோப்பை பாதிதான்.

திரும்பும் வழியில் 25 நிமிடம் என்பது குறைவு. 40 போடுங்கள், சுள்ளி நிறுத்தத்தைப் பதினைந்தாகக் குறையுங்கள்.

மொட்டு

சுள்ளியைக் குறைக்கச் சொல்வது வருத்தம்தான், ஆனாலும் வாடைக்காற்று சொல்வது சரி. புயலில் விழுந்த புதுக் கிளை கிடைத்தால் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அடியைச் சாய்வாக வெட்டி நீரில் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை நீர் மாற்றினால், இரண்டு மூன்று வாரத்தில் மொட்டு விரியலாம். குளிர்காலத் தொடக்கத்தில் எடுத்தால் பெரும்பாலும் விரியாது. மரத்துக்குப் போதிய குளிர் நாள்கள் கழிந்திருக்க வேண்டும். விரியாவிட்டால் ஒரு மாதம் கழித்து அதே மரத்திலிருந்து இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள்.

சுள்ளி

காலணியை அன்று இரவு ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், பசை விட்டுப் போகும், தோல் வெடிக்கும். உள்தகட்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும்.